ரிவர்ஸ் கியர்த் தடுப்பும் ஆரணித் தெருக்களும்

திருவண்ணாமலை மாவட்டத்துப் பட்டு நெசவு ஊரான ஆரணியில், தறியில் ஏற்றவேண்டிய நீளவாட்டு இழைத் தொகுதியாகிய பாவு தெருவில் நீட்டப்பட்டிருக்கும் வேளையில் நுழைந்த கார், திரும்ப இடமின்றிப் பின்னோக்கியே வெளியேற வேண்டியிருப்பதால், ரிவர்ஸ் கியர் விழாமற்போவதை அங்கே சிறு பழுதென்று கொள்ள இயலாது. மேற்கு வங்கத்தின் உத்தரபாராவில் 1950களின் இறுதியில் உற்பத்தி தொடங்கி, தமிழகச் சிற்றூர்களில் வாடகைக் காராக நெடுங்காலம் ஓடிய அம்பாசடரில், கியர் கைப்பிடி ஸ்டியரிங் தூணிலேயே அமைந்திருந்தமையால், அதன் அசைவு நீண்ட தண்டுகளின் வழியே கியர் பெட்டியை அடைந்தது; தண்டுகளின் மூட்டுகளிலுள்ள 'புஷ்' எனும் சிறு உறைகள் தேய்ந்தால் அசைவு பாதியிலேயே தீர்ந்துபோகும். ஆகவே மெக்கானிக் இணைப்பைக் கழற்றி, பெட்டியின் நெம்புகோலைக் கையாலேயே தள்ளிப் பார்ப்பார்: கியர் விழுந்தால் குறை வெளியே, விழாவிட்டால் பெட்டிக்குள்ளோ, முழுதாக விடுபடாத கிளட்சிலோ. சிறப்புக் கருவி எதுவும் கேட்காத இச்சோதனையின் தெளிவு வியக்கத்தக்கது.

1983 டிசம்பரில் வந்த மாருதி 800, கைப்பிடி தரையிலிருந்து எழும் தரைக் கியரைப் பரவலாக்கியது. பின்னர் ஐந்து கியர் பெட்டிகள் பெருகி, பலவற்றில் ஐந்தாம் கியருக்கு நேர் கீழே ரிவர்ஸ் அமைந்தபோது, ஓடும் வண்டியில் அது தவறி விழாமல் காக்கும் 'லாக்அவுட்' எனும் தடுப்பு இன்றியமையாததாயிற்று. 2000இல் இந்தியாவுக்கு வந்த ஓப்பல் கோர்சாவில், கைப்பிடிக்குக் கீழுள்ள வளையத்தை உயர்த்தினாலன்றித் தடுப்பு விலகாது. இவ்வகை வண்டிகளில், முதல் கியர் தடையின்றி விழ ரிவர்ஸ் மட்டும் மறுக்குமாயின், பெட்டியைப் பிரிக்குமுன் வளையத்தையும் அதன் இணைப்பையும் சோதிப்பதே முறை.