சுபிக்ஷா: கடன் கொடுக்காத கடை கடனில் மூழ்கிய கதை

சுபிக்ஷா... இந்தப் பேர் ஞாபகம் இருக்கா மக்களே? பஞ்சமே இல்லாத செழிப்புன்னு அர்த்தம். நாம 'சுபிட்சம்'னு சொல்றோமே, அதேதான். அந்தப் பேரை வச்சுக்கிட்டு நாடு முழுக்க 1600 கடைக்கு மேல நடத்தின நிறுவனம், 2009-ஓட தொடக்கத்துல மொத்தமா ஷட்டரை இறக்கிடுச்சு.

ரொம்ப நாளா இதைப்பத்தி எழுதணும்னு ஆசை. அரியாங்குப்பத்துக்காரனுக்கு வியாபாரக் கதைன்னா ஒரு தனி ஈர்ப்பு. பக்கத்துல அரிக்கமேட்டுல 2000 வருஷத்துக்கு முன்னாடியே ரோமாபுரி சரக்கு வந்து இறங்கின மண்ணாச்சே :-)

சரி, விஷயத்துக்கு வருவோம்.

1990-களோட நடுவுல மாசச் சாமான் வாங்கணும்னா பெரும்பாலும் தெருமுனை அண்ணாச்சி கடைதான். பாக்கெட்ல என்ன விலை அச்சடிச்சிருக்கோ அதுதான் விலை. பேரம் கிடையாது, ஆனா நோட்டுல எழுதிக்கிட்டு மாசம் பொறந்ததும் கொடுக்கலாம். கூட்டுறவுப் பண்டகசாலைகளும் இருந்துச்சு. சென்னை திருவல்லிக்கேணி கூட்டுறவுச் சங்கம் 1904-லேயே ஆரம்பிச்சது. அப்புறம் 1996-ல ஆர்.பி.ஜி. குழுமம் சென்னையில ஃபுட்வேர்ல்டு கடையைத் திறந்தாங்க. ஏசி, பளபளன்னு அலமாரி, நாமளே எடுத்துக்கிற வசதி. நடுத்தரக் குடும்பங்கள் வேடிக்கை பார்க்கப் போச்சு. ஆனா 'இந்த ஏசிக்கும் சேர்த்துத்தானே காசு வாங்குவான்'னு ஒரு சந்தேகம் எல்லார் மனசுலயும் இருந்துச்சு.

அந்தச் சந்தேகத்தைத்தான் ஒருத்தர் பிடிச்சுக்கிட்டார். ஆர். சுப்ரமணியன். சென்னை ஐ.ஐ.டி., அகமதாபாத் ஐ.ஐ.எம்.னு ரெண்டு பெரிய இடத்துலயும் படிச்சவர். 1991-லேயே விஸ்வப்ரியான்னு ஒரு நிதி நிறுவனத்தை ஆரம்பிச்சிருந்தார். (இந்தப் பேரை ஞாபகம் வச்சுக்குங்க, கடைசியில திரும்ப வரும்.) 1997-ல திருவான்மியூர்ல முதல் சுபிக்ஷா கடை திறந்தாச்சு. ஏசி கிடையாது. அலங்காரம் கிடையாது. வாடகை குறைவான இடமாப் பார்த்து சின்னதா ஒரு கடை. ஆனா எந்தப் பொருளை எடுத்தாலும் அச்சடிச்ச விலையைவிடக் குறைவு. மருந்துக்கு 10 சதவீதம் தள்ளுபடி. மாசாமாசம் பிரஷருக்கும் சுகருக்கும் மாத்திரை வாங்குற வீட்டுக்கு இது எவ்வளவு பெரிய விஷயம்னு சொல்லணுமா என்ன? மருந்துக்கடைக்காரங்களுக்கு இது பிடிக்கலைங்கறது தனிக்கதை.

எப்படிக் கட்டுப்படியாச்சு? இங்கதான் சூட்சுமமே இருக்கு. கொஞ்சம் பொறுமையாப் படிங்க, ஏன்னா பின்னாடி கவிழ்ந்ததும் இதே இடத்துலதான்.

ஒரு கணக்குக்கு வச்சுப்போம். 100 ரூபாய் விலை போட்ட பொருளை கம்பெனி கடைக்காரருக்கு 90 ரூபாய்க்குத் தருது. வழக்கமா அதுக்குப் பணம் கட்ட சில நாள் தவணை இருக்கும். சுபிக்ஷா 'எனக்குத் தவணை வேண்டாம், கைமேல காசு தர்றேன், இன்னும் குறைச்சுக்கொடு'ன்னு கேட்டாங்க. மொத்தமா, ரொக்கமா வாங்கும்போது 87-க்குக் கிடைச்சா 93-க்கு வித்தாலும் ஆறு ரூபாய் நிக்கும். விலை குறைவுங்கறதால சரக்கு சீக்கிரம் காலியாகும். ரெண்டு வாரத்துல வித்துத் தீர்ந்தா அதே 87 ரூபாய் வருஷத்துக்கு இருபத்தாறு தடவை சுத்தி வரும். அண்ணாச்சிக்கு ஒரு தடவையில கிடைக்கிறது அதிகம், சுபிக்ஷாவுக்குச் சுத்துறதுல கிடைக்கிறது அதிகம். அவ்வளவுதாங்க.

ஆக, சுபிக்ஷா வித்தது அரிசியோ சோப்போ இல்லை, ரொக்கத்தோட வேகத்தை. வாங்குறவங்களுக்கும் கடன் இல்லை, கொடுக்கிறவங்ககிட்டயும் கடன் இல்லை. அது ஓடினவரைக்கும் கடை ஓடுச்சு.

2000 வாக்குல ஐ.சி.ஐ.சி.ஐ. வென்ச்சர் பங்கு வாங்கி உள்ளே வந்தாங்க. சென்னையைத் தாண்டி தமிழ்நாட்டு ஊர்கள், நம்ம புதுச்சேரின்னு கடைங்க பரவுச்சு. 2000-களோட நடுவுல நூத்தி நாப்பது சொச்சம் கடை. நம்மாளுங்களுக்கு இது சரியாப் பொருந்துச்சு. எது எங்க எவ்வளவுன்னு ஒப்பிட்டுப் பார்க்கிறது புதுச்சேரிக்காரங்க ரத்தத்துலயே ஊறினது. பெட்ரோலுக்கும் 'மத்த' சமாச்சாரத்துக்கும் கடலூர்க்காரங்க எல்லை தாண்டி இங்க வர்ற ஊராச்சே :-)

இதோட நின்னிருந்தா நான் இன்னைக்கு இந்தக் கட்டுரையை எழுதியிருக்க மாட்டேன்.

2006-ல இந்தியா முழுக்க சில்லறை வணிகக் காய்ச்சல் பிடிச்சுது. அந்த வருஷக் கடைசியில ஹைதராபாத்துல ரிலையன்ஸ் ஃபிரெஷ் ஆரம்பமாச்சு. அடுத்த வருஷம் பிர்லாவோட மோர் வந்துச்சு. 'அம்பானியும் பிர்லாவும் வர்றதுக்குள்ள நாம எல்லா இடத்தையும் பிடிச்சிடணும்'ங்கற ஓட்டம். தில்லி, மும்பை, குஜராத், கர்நாடகம், ஆந்திரா... தமிழ்நாட்டுல பத்து வருஷத்துல நூத்தி நாப்பது சொச்சம் கடை திறந்தவங்க, அடுத்த ரெண்டு வருஷத்துல ஆயிரத்தைத் தாண்டினாங்க. 2008 இலையுதிர்றதுக்குள்ள 1600. நடுவுல செல்போன் விற்பனை வேற. 2007-08-க்கு அவங்க சொன்ன விற்பனை சுமார் 2300 கோடி ரூபாய்.

பணம் எங்கிருந்து வந்துச்சு? வங்கிக் கடன். 700 கோடிக்கு மேல. சொந்த மூலதனம் அதுக்கு முன்னாடி கொசுறு மாதிரி. 2008-ல விப்ரோ அசிம் பிரேம்ஜியோட முதலீட்டு நிறுவனம் சுபிக்ஷாவுல 10 சதவீதத்தை 230 கோடிக்கு வாங்கினப்ப ஊரே வாயைப் பிளந்துச்சு. ஆனா ஒண்ணைக் கவனிக்கணும். அந்தப் பங்கை வித்தது ஐ.சி.ஐ.சி.ஐ. வென்ச்சர். பணமும் அவங்களுக்குத்தான் போச்சு, கடைக் கல்லாவுக்கு வரலை. புதுப்பங்கு வெளியிட்டுப் பணம் திரட்டலாம்ங்கற யோசனை தள்ளிக்கிட்டே போச்சு.

2008 செப்டம்பர் 15. அமெரிக்காவுல லேமன் பிரதர்ஸ் திவால். உலகம் முழுக்க வங்கிகள் கையை இறுக்கிக்கிச்சு. திருவான்மியூர் மளிகைக்கடைக்கும் நியூயார்க் வங்கிக்கும் என்னய்யா சம்பந்தம்னு கேட்டா, சம்பந்தம் அந்த 700 கோடிதான். அக்டோபர்லேயே கையில ரொக்கம் தீர்ந்துபோச்சு. 2009 ஜனவரியில சத்யம் கணக்கு மோசடி வெளிய வந்ததும் வங்கிகள் இன்னும் பயந்துடுச்சு.

இப்ப அந்தச் சக்கரம் திரும்பிச் சுத்த ஆரம்பிச்சுது. ரொக்கம் இல்லைன்னா கம்பெனிக்காரன் அந்த விலைக்குத் தரமாட்டான். பாக்கி விழுந்தா சரக்கே வராது. சரக்கு இல்லைன்னா அலமாரி காலி. காலி அலமாரியைப் பார்த்த ஆள் அடுத்த மாசம் வரமாட்டார். அவர் வரலைன்னா கல்லாவுல காசு விழாது. எந்த வேகம் தூக்கிவிட்டுச்சோ அதே வேகம் கீழ தள்ளுச்சு. சாதாரண மளிகைக்கடைன்னா சரக்கு பாதி இருந்தாலும் ஒரு வருஷம் தாக்குப்பிடிக்கும். சுபிக்ஷாவால சில மாசம்கூட முடியலை.

பெரிய மனுஷங்க நஷ்டம் பத்திரிகையில வந்துச்சு. எனக்கு மனசுல நிக்கிறது மத்தவங்கதான். பில் போட்ட பொண்ணுங்க, மூட்டை தூக்கின பசங்கன்னு ஆயிரக்கணக்கான பேருக்கு மாசக்கணக்குல சம்பளம் இல்லை. காவலாளி ஏஜென்சிகளுக்குப் பாக்கி விழுந்து அவங்க ஆளை எடுத்துட்டாங்க, பல கடைங்க சூறையாடப்பட்டுச்சு. வாடகை வரும்னு நம்பி இடம் கொடுத்தவங்க பூட்டின ஷட்டரைப் பார்த்துக்கிட்டு நின்னாங்க. பாப்ஸ்கோ, அமுதசுரபி ஊழியர்கள் சம்பளப் பாக்கி கேட்டுத் தெருவுல உட்கார்ந்ததைப் பார்த்த நம்ம புதுச்சேரிக்காரங்களுக்கு இதை விளக்கவே வேண்டாம். கடை அரசோடதா இருந்தாலும் தனியாரோடதா இருந்தாலும், மூழ்கும்போது முதல்ல தண்ணி ஏறுறது கீழ்த்தட்டுலதான்.

அப்புறம் அந்த விஸ்வப்ரியா. டெபாசிட் போட்டவங்களுக்குப் பணம் திரும்ப வரலை. வழக்கு வருஷக்கணக்கா நடந்து, 2023 நவம்பர்ல சென்னை சிறப்பு நீதிமன்றம் சுப்ரமணியனுக்கு 20 வருஷம் சிறைத்தண்டனை கொடுத்துச்சு. ஏமாந்தவங்க 500 பேருக்கு மேல, தொகை 137 கோடி.

'யோசனையே தப்பு'ன்னு சிலபேர் சொல்றாங்க. எனக்கு அப்படித் தோணலை. 2002-ல மும்பை பொவாய்ல டிமார்ட் ஆரம்பிச்சவங்களும் இதே வழிதான்: சப்ளையருக்குச் சீக்கிரம் பணம், மக்களுக்குக் குறைஞ்ச விலை. ஆனா பெரும்பாலும் சொந்தக் கட்டடம், நிதானமான நடை. 2017-ல பங்குச்சந்தைக்கு வந்தப்ப, பதினஞ்சு வருஷத்துல அவங்க கடை எண்ணிக்கை சுமார் 130-தான். சுபிக்ஷா தமிழ்நாட்டுல இருந்தப்ப இருந்த அளவுகூட இல்லை! இன்னைக்கு யார் இருக்காங்க, யார் இல்லைன்னு உங்களுக்கே தெரியும்.

அண்ணாச்சி? அவர் அப்பவும் இருந்தார், இப்பவும் இருக்கார். கவனிச்சுப் பாருங்க, அவர் கடன் கொடுக்கிறவர். ஆனா யாருக்குக் கொடுக்கிறோம்னு முகம் தெரியும், வீடு தெரியும், சம்பளத் தேதி தெரியும். ரெண்டாவது கடை போடணும்னா முதல் கடைக் கல்லாவுல சேர்ந்த காசுலதான் போடுவார். சுபிக்ஷா நமக்கு ஒரு ரூபாய்கூடக் கடன் கொடுக்கலை, அதுல ரொம்பக் கறாரா இருந்தாங்க. அந்தக் கறார் தன் விஷயத்துலயும் இருந்திருந்தா, கடைத்தெருவுல அந்தப் பலகை இன்னைக்கும் தொங்கிக்கிட்டு இருந்திருக்கும். மாத்திரைக்குப் பத்து சதவீதமும் குறைஞ்சிருக்கும்.