உயிர் காலேஜும் செத்த காலேஜும்

கிராமத்திலிருந்து பட்டணம் பார்க்க வந்தவர்கள் சென்னையின் இரண்டு ஸ்தாபனங்களுக்குத் தாங்களாகவே பெயர் வைத்தார்கள். எழும்பூர் மியூசியம் 'செத்த காலேஜ்'. சென்ட்ரலுக்குப் பக்கத்தில் மிருகங்களை வைத்திருந்த இடம் 'உயிர் காலேஜ்'. பழைய சென்னைவாசிகள் இந்தப் பெயர்களைச் சொல்லும்போது லேசாகச் சிரிப்பார்கள். நாட்டுப்புறத்தானின் அறியாமை என்பது அந்தச் சிரிப்பின் பொருள். எனக்கு அவை அறியாமையாகப் படவில்லை. பார்க்க வந்தவன் பார்த்ததைத் தன் கணக்கில் வகை பிரித்துக்கொண்டிருக்கிறான். அவனுடைய வகைப்பாடு, ஸ்தாபனங்கள் தமக்கு இட்டுக்கொண்ட பெயர்களைவிடச் சரித்திரத்துக்கு நெருக்கமானது.

1851-ல் மியூசியம் தொடங்கியபோது அதற்கென்று கட்டிடம் கிடையாது. கம்பெனியின் சிவில் உத்தியோகஸ்தர்களுக்கு நாட்டு மொழிகள் கற்பித்த புனித ஜார்ஜ் கோட்டைக் கல்லூரியின் மாடியில் அது இருந்தது. நுங்கம்பாக்கத்தில் அந்தத் தெரு இப்போதும் காலேஜ் ரோடுதான். 1854-ல் மியூசியம் எழும்பூர் பாந்தியனுக்கு வந்தது. காலேஜில் பிறந்ததைக் காலேஜ் என்று அழைப்பதில் பிசகு ஒன்றுமில்லை. பெயர் அங்கிருந்தே ஒட்டிக்கொண்டு வந்திருக்கலாம். மியூசியத்தின் முதல் பொறுப்பாளர் எட்வர்ட் பால்ஃபர் ஒரு ராணுவ சர்ஜன். பாடம் செய்து வைத்த மிருகங்களோடு உயிருள்ளவற்றையும் வைத்தால் ஜனங்கள் வருவார்கள் என்பதை அவர் கண்டுகொண்டார். ஆற்காட்டு நவாபிடம் இருந்த மிருகங்களைக் கேட்டு வாங்கினார். 1855-ல் மியூசியத்தின் வளாகத்திலேயே மிருகக்காட்சி ஏற்பட்டது. 1860களின் தொடக்கத்தில் அது பீப்பிள்ஸ் பார்க்குக்குப் பெயர்ந்தது. ஆக, ஒரே வளாகத்தில் இருந்த உயிரும் சவமும் பிறகு தனித்தனி வீடு பார்த்துக்கொண்டன. அந்தப் பாகப்பிரிவினை இரண்டு சொற்களில் அப்படியே பதிவாகியிருக்கிறது.

பட்டணம் பார்ப்பது என்ற காரியமே அதற்கு முன் வேறு மாதிரி இருந்தது. 1800-ஐ ஒட்டிய சென்னையைப் பற்றி 'சர்வதேவ விலாஸம்' என்ற சம்ஸ்கிருத நூல் ஒன்று இருக்கிறது. டாக்டர் வே. ராகவன் பதிப்பித்தது. விவேகன், அதிவிவேகன் என்று இரண்டு பண்டிதர்கள் ஊரைச் சுற்றி வருகிறார்கள். அவர்கள் பார்ப்பது கோயில்களையும் உற்சவங்களையும், அவற்றை நடத்திய துபாஷிகளான பிரபுக்களையும் அவர்களுடைய சபைகளையும். இந்தப் பார்வையில் ஒரு பரிமாற்றம் உண்டு. கோயிலில் பார்த்தால் அருள். பிரபுவைப் பார்த்தால் சன்மானம். பார்க்கப்படுவதும் திரும்பிப் பார்க்கிறது. ஐம்பது வருஷத்துக்குள் பட்டணத்துக்கு வந்தவன் பால்ஃபரின் கூண்டுக்கு முன்னால் நிற்கிறான். அங்கே கேட்கவும் கொடுக்கவும் எதுவுமில்லை. பார்த்துவிட்டு அடுத்த கூண்டுக்குப் போக வேண்டியதுதான். நவீனமான பார்வையாளன் தமிழ்நாட்டில் தோன்றிய இடங்களில் இதுவும் ஒன்று.

*

தெற்கேயிருந்து வந்தவனுக்குப் பட்டணத்தின் வாசல் தாம்பரம். கடற்கரையிலிருந்து தாம்பரம் வரை ஏறத்தாழ 29 கிலோமீட்டர் மீட்டர் கேஜ் பாதையில் 1931-ல் மின்சார ரயில் ஓடத் தொடங்கியது. 2004-ல்தான் அந்தப் பாதையில் கடைசி மீட்டர் கேஜ் மின்வண்டி நின்றது. எழுபது வருஷத்துக்கு மேல், செங்கல்பட்டு, விழுப்புரம் பக்கத்து ஜனங்கள் இந்தத் தடத்தின் வழியாகத்தான் எழும்பூரில் இறங்கி, செத்த காலேஜுக்கு நடந்தார்கள். வழியில் ஜன்னலுக்கு வெளியே பல்லாவரமும் திரிசூலமும் பரங்கிமலையும் போயின. பார்ப்பதற்கு அங்கே என்ன இருக்கிறது? குன்றுகள், கல்லுடைக்கும் பள்ளங்கள், ராணுவ மைதானங்கள், பிறகு ஒரு விமானத்தளம்.

1863 மே 30-ம் தேதி, பல்லாவரத்து ராணுவ மைதானத்தை ஒட்டிய சரளைமண் குழியொன்றில் ராபர்ட் புரூஸ் ஃபுட் ஒரு கல்லை எடுத்தார். பூகர்ப்ப சர்வேயில் வேலை பார்த்தவர்; அப்போது 28 வயது. நாலு வருஷங்களுக்கு முன்னால்தான், பிரான்ஸின் ஸோம் நதிக்கரையில் கிடைத்த கற்கள் மனிதன் செதுக்கியவையே என்று ஐரோப்பிய அறிஞர்கள் ஒப்புக்கொண்டிருந்தார்கள். அந்தச் செய்தி தெரிந்திருந்ததால் ஃபுட்டின் கண்ணுக்கு அது கூழாங்கல்லாகத் தெரியவில்லை, கைக்கோடரியாகத் தெரிந்தது. இந்தியாவில் பழைய கற்காலம் என்ற ஒன்று இருந்தது என்பதற்கு முதல் அத்தாட்சி அது. அதே செப்டம்பரில் அத்திரம்பாக்கம் அகப்பட்டது. ஃபுட் ஆயுள் முழுக்கத் திரட்டிய கற்கருவிகளை 1904-ல் சென்னை மியூசியம் வாங்கிக்கொண்டது. பத்தொன்பதாம் நூற்றாண்டின் பிற்பகுதியில் அலெக்ஸாண்டர் ரீ இதே பல்லாவரத்தில் கால்கள் வைத்த சுட்டமண் ஈமப்பேழைகளைக் கண்டெடுத்தார்.

கல்லின் கதை இன்னும் கொஞ்சம் உண்டு. கல்கத்தாவில் ஆங்கிலேயக் குடியேற்றத்துக்கு அடிபோட்டவராகச் சொல்லப்படும் ஜாப் சார்னாக்கின் கல்லறைக் கல் சென்னைப் பக்கத்திலிருந்து கடல்வழியாகப் போனது. 1893-ல் தாமஸ் ஹாலண்ட் அந்தக் கல்லை ஆராய்ந்தார். அது ஒரு தனி வகைப் பாறை என்று கண்டு சார்னாக்கைட் என்று பெயர் வைத்தார். உலகத்தில் எங்கே அந்த வகைப் பாறை கிடைத்தாலும் இப்போது அந்தப் பெயர்தான். அதற்கு மாதிரியாக எடுத்துக்கொள்ளப்படுவது பல்லாவரம், பரங்கிமலைப் பாறை. பாறை இங்கே, பெயரோ, அது எந்தக் கல்லறையின் மேல் போய்ப் படுத்ததோ அந்தப் பிரேதத்தினுடையது.

1802 ஏப்ரலில் வில்லியம் லாம்ப்டன் பரங்கிமலைக்கும் பெரும்பாக்கத்துக்கும் நடுவே ஏறத்தாழ ஏழரை மைல் நீளத்துக்கு நூறடி எஃகுச் சங்கிலியை மாற்றி மாற்றி வைத்து ஒரு நேர்கோட்டை அளந்தார். அந்தக் கோட்டிலிருந்து முக்கோணம் முக்கோணமாக வளர்ந்து இமயம் வரை போனதுதான் மகா திரிகோணமிதி சர்வே. எவரெஸ்ட்டின் உயரம் சொல்லப்பட்டபோது அந்தக் கணக்கின் மூல முனைகளில் ஒன்று இந்தப் புறநகரில் இருந்தது. கோடு போன வழியெல்லாம் இன்று வீடுகள்.

இவற்றை அடுக்கிச் சொல்வது புறநகர்ப் பெருமை பேச அல்ல. இதில் ஒரு முறை தெரிகிறது. இந்த நிலத்தில் அகப்பட்டது எதுவாக இருந்தாலும், அது இடத்தைவிட்டுப் பெயர்ந்த பிறகே காட்சியாயிற்று. மண்ணிலிருந்து எடுத்து, எண் போட்டு, கண்ணாடிக்குள் வைத்த பிறகே அதைப் பார்க்கலாம் என்று ஆயிற்று. பல்லாவரத்தைத் தாண்டி ரயிலில் வந்தவன், பல்லாவரம் போன்ற இடங்களிலிருந்து போனதை எழும்பூரில் கண்டு வியந்துவிட்டு, அதே ரயிலில் பல்லாவரத்தைத் தாண்டித் திரும்பிப் போனான். செத்த காலேஜ் என்ற பெயரின் கூர்மை இங்கேதான் தெரிகிறது. மியூசியத்தில் செத்திருந்தது பாடம் செய்த புலி மட்டுமல்ல. பொருளுக்கும் அதன் மண்ணுக்கும் இருந்த உறவும் செத்திருந்தது.

*

தெற்கிலிருந்து பட்டணம் எடுத்துக்கொண்டது இப்படியென்றால், தெற்குக்கு அது அனுப்பிவைத்தது என்ன? முதலில் நோயாளிகளை. 1928-ல் டாக்டர் டேவிட் சௌரி முத்து தாம்பரத்தில் காசநோய்க்காரர்களுக்காக ஒரு சானடோரியம் ஏற்படுத்தினார். 1937-ல் அது சர்க்கார் வசம் வந்தது. காசத்துக்கு மருந்து கிடையாத காலம். சுத்தமான காற்றுதான் சிகிச்சை. இன்றுவரை ஒரு ரயில் நிலையத்துக்கு அதுதான் பெயர். பிறகு மாணவர்கள். 1937-ல் கிறித்தவக் கல்லூரி ஜார்ஜ் டவுனின் நெரிசலை விட்டுச் சேலையூர்க் காட்டுக்குப் பெயர்ந்தது. மறுவருஷம் டிசம்பரில் உலகக் கிறித்தவ சபைகளின் பிரதிநிதிகள் அங்கே கூடிப் பிற மதங்களோடு தங்களுக்குள்ள உறவைப் பற்றித் தர்க்கித்தார்கள். ஊரைக் கண்ணால் பார்த்திராத இறையியல்காரர்கள் 'தாம்பரம் 1938' என்று இன்னமும் எழுதுகிறார்கள்.

பாம்புகள் எதிர்த்திசையில் போயின. 1970-ஐ ஒட்டி ராமுலஸ் விட்டேகர் தம் பாம்புப் பண்ணையைத் தொடங்கியது சேலையூரில். 1972-ல் அது கிண்டிக்குப் போயிற்று. போன பிறகே அது பட்டணத்தின் பார்க்க வேண்டிய இடங்களில் ஒன்றாயிற்று. அந்தப் பண்ணைக்குப் பின்னால் ஒரு ஜாதியின் அறிவு இருந்தது. செங்கல்பட்டுப் பக்கத்து இருளர்கள் தடத்தைப் பார்த்து, வளையைப் பார்த்து, பாம்பு உள்ளே இருக்கிறதா என்று சொல்லக்கூடியவர்கள். தோல் வியாபாரிகளுக்குப் பாம்பு பிடித்து விற்றுப் பிழைத்தவர்களை 1972-ம் வருஷத்து வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டம் ஒரே நாளில் குற்றவாளிகளாக்கியது. 1978-ல் இருளர் பாம்பு பிடிப்போர் கூட்டுறவுச் சங்கம் ஏற்பட்டது. பாம்பைப் பிடித்து, விஷம் எடுத்து, திரும்பக் காட்டில் விட்டுவிடுவது என்று தொழில் மாறியது. பாம்புக்கடிக்குத் தரும் மருந்து இந்த விஷத்திலிருந்து தயாராகிறது. 2023-ல் வடிவேல் கோபால், மாசி சடையன் என்ற இரண்டு இருளர்களுக்குப் பத்மஸ்ரீ கிடைத்தது. கண்ணாடிக்குப் பின்னால் இருக்கும் நாகத்தைப் பார்க்கிறவனுக்கு, அதைப் பிடித்த கை தெரிவதில்லை. காட்சி என்பது எப்போதும் எதையோ சட்டகத்துக்கு வெளியே தள்ளிவிட்டுத்தான் உண்டாகிறது.

கடைசியில் உயிர் காலேஜே வந்தது. சென்ட்ரலின் இரைச்சலுக்கு நடுவே மிருகங்களை வைத்திருப்பது சாத்தியமில்லை என்று ஆகி, 1979-ல் வண்டலூரில் வேலை தொடங்கி, 1985 ஜூலையில் புதிய பூங்காவை எம்.ஜி.ஆர். திறந்துவைத்தார். முதலில் 510 ஹெக்டேர். பிறகு 600-க்கு மேல். அதே வருஷம் மே மாதம் மூர் மார்க்கெட் எரிந்துபோனது. இரண்டே மாத இடைவெளியில், பட்டணம் பார்க்க வருகிறவனுக்கு சென்ட்ரல் பக்கத்தில் இருந்த இரண்டு காரணங்களும் இல்லாமல் போயின.

வண்டலூரில் கம்பிக்குப் பதில் அகழி. மிருகத்துக்கு ஒளிந்துகொள்ள இடம் இருக்கிறது. சிங்கத்தைப் பார்க்கப் போகிறவன்தான் வலைபோட்ட வண்டிக்குள் உட்கார வேண்டும். நூற்றுமுப்பது வருஷத்தில் கூண்டு இடம் மாறியிருக்கிறது. சில நாள் சிங்கம் கண்ணில் படாது. காசு கொடுத்தவனுக்கு அது ஏமாற்றம்தான். ஆனால் பால்ஃபரின் புலிக்கு இல்லாத ஒரு உரிமை, பார்க்கப்படாமல் இருக்கும் உரிமை, இந்தச் சிங்கத்துக்குக் கொஞ்சமாவது கிடைத்திருக்கிறது. ஆச்சரியம் என்னவென்றால், மிருகங்கள் கொஞ்சம் உயிரோடு நடமாடத் தொடங்கிய பிறகு 'உயிர் காலேஜ்' என்ற பெயர் வழக்கிலிருந்து போய்விட்டது. எல்லோருக்கும் இப்போது அது வண்டலூர் ஜூ. பெயர் வைக்கும் தைரியத்தைப் பார்வையாளன் இழந்துவிட்டான்.

*

2021-ல் தாம்பரமும் பல்லாவரமும் அக்கம்பக்கத்து ஊர்களும் சேர்ந்து மாநகராட்சியாயின. 2023 டிசம்பரில் வண்டலூருக்குப் பக்கத்தில் கிளாம்பாக்கத்துப் பேருந்து நிலையம் திறந்தது. தென்மாவட்டங்களிலிருந்து பஸ்ஸில் வருகிறவன் இப்போது இறங்குவது அங்கேதான். ஒரு காலத்தில் பட்டணம் தன்னால் வைத்துக்கொள்ள முடியாததையெல்லாம் தள்ளிவிட்ட விளிம்பு, பட்டணத்தின் தலைவாசலாகியிருக்கிறது. இறங்குகிறவனுக்கு இந்த விளிம்பில் எதைக் காட்டப்போகிறோம் என்ற கேள்வி இனி வரும். பட்டியல் தயாரிப்பவர்கள் வழக்கம்போலக் கேளிக்கைப் பூங்காக்களையும் மால்களையும் சொல்வார்கள். கைக்கோடரிக்கு ஒரு பலகை வைக்கலாம் என்று நம்மைப்போன்றவர்கள் சொல்வோம். வைக்கட்டும், நல்லதுதான். பரங்கிமலையின் சார்னாக்கைட் தேசியப் பூகர்ப்பச் சின்னம் என்று ஏற்கெனவே அறிவித்தாகிவிட்டது. ஆனால் பலகை வைப்பது செத்த காலேஜின் ஒரு கிளையைத் திறப்பதாகவும் முடிந்துவிடலாம்.

பல்லாவரத்துக் குன்றில் ஒரு குடைவரை இருக்கிறது. ஏழாம் நூற்றாண்டில் முதலாம் மகேந்திரவர்மன் வெட்டியது; அவனுடைய விருதுப்பெயர்கள் பல்லவ கிரந்தத்தில் பொறித்திருக்கின்றன. அவன் வெட்டிய வேறு குடைவரைகளுக்குச் சுற்றுலாக்காரர்கள் போகிறார்கள். இதற்கு வருகிறவர்கள் வேறு. பிற்காலத்தில் அது ஒரு தர்காவாயிற்று. ஜனங்கள் நேர்ந்துகொண்டு வருகிறார்கள். சிற்பக்கலை நூல்கள் இதை ஒரு குறையைப்போலக் குறிப்பிட்டுவிட்டு நகர்ந்துவிடுகின்றன. தொல்லியல் கண்ணுக்கு இந்த இடம் கலைந்துபோனது. அதனால் பார்க்கத் தகுதி குறைந்தது. இங்கே வருகிறவர்களோ பார்க்க வருவதில்லை. சர்வதேவ விலாஸத்துப் பண்டிதர்களைப்போல, எதையோ கேட்க வருகிறார்கள். தெய்வம் மாறியிருக்கிறது, கல்லின் மேல் மொழி மாறியிருக்கிறது, கேட்பது மாறவில்லை. ஆயிரத்து நானூறு வருஷம் பழசான ஒரு குகை, இடத்தைவிட்டுப் பெயராமல், சீட்டு இல்லாமல், புழக்கத்தில் இருக்கிறது. புழக்கத்தில் இருப்பதால்தான் எந்தப் பட்டியலிலும் அதற்கு இடமில்லை. பெயர் வைக்கத் தெரிந்த அந்தப் பழைய பட்டிக்காட்டான் இங்கே ஏறி வந்திருந்தால், எதைச் செத்த காலேஜ் என்றும் எதை உயிர் காலேஜ் என்றும் சொல்லியிருப்பான் என்பதில் சந்தேகத்துக்கு இடமில்லை.