ஒரே இசை, பல கதைகள்: ஆரம்பகாலத் தொலைக்காட்சிச் சாகசத் தொடர்களும் நூலக இசையும்

1966 ஒக்டோபரில் பி.பி.சி.யின் 'டொக்டர் ஹூ' தொடரில் சைபர்மென் என்ற இயந்திர மனிதர்கள் முதன்முதலாகத் தோன்றினார்கள். தென் துருவத்தில் நடக்கும் அந்தக் கதையில் அவர்களுடன் சேர்ந்து கனத்த, அச்சுறுத்தும் இசையொன்றும் ஒலித்தது. அடுத்த ஆண்டு சைபர்மென் மீண்டும் வந்தபோதும் அதே இசைதான். 1968 இல் லண்டனில் இராணுவத்தினர் எட்டி என்ற மிருகங்களோடு மோதும் கதையிலும் அது ஒலித்தது. அதில் சைபர்மென் எவரும் இல்லை.

மார்ட்டின் ஸ்லேவின் எழுதிய 'ஸ்பேஸ் அட்வென்ச்சர்' என்பதே அந்த இசை. அது 'டொக்டர் ஹூ'வுக்காக எழுதப்பட்டதல்ல. தேவைப்படுபவர் எவரும் கட்டணம் செலுத்திப் பயன்படுத்தலாம் என்ற ஏற்பாட்டில் முன்கூட்டியே இசைத்தட்டில் பதிந்து வைக்கப்பட்டிருந்த இசை அது. இவ்வகை இசையை நூலக இசை என்கிறார்கள்.

எப்படி இயங்கியது?

இந்த வழக்கம் தொலைக்காட்சிக்கு முந்தையது. ஊமைப்படக் காலத்தில் திரையரங்குகளில் பியானோக் கலைஞர்களும் சிறு இசைக்குழுக்களும் படத்துக்கு நேரடியாக வாசித்தனர். துரத்தல், புயல், காதல், மரணம் என்று காட்சி வகைக்கேற்ப எழுதிய இசைக்குறிப்புகள் அவர்களுக்கு விற்கப்பட்டன. 1909 இல் மெயர் டி வுல்ஃப் லண்டனில் தொடங்கிய நிறுவனம் இந்தத் தொழிலில் முன்னோடியாக இருந்தது. பேசும்படம் வந்தபின் அது இசைக்குறிப்புகளை விட்டு ஒலிப்பதிவுகளை வழங்கத் தொடங்கியது.

தொலைக்காட்சிக் காலத்திலும் முறை பெரிதாக மாறவில்லை. நூலகத்தின் பட்டியலில் ஒவ்வொரு துண்டுக்கும் அதன் மனநிலையும் நேர அளவும் குறிக்கப்பட்டிருக்கும். சில விநாடி அதிர்ச்சி ஒலி, இரு காட்சிகளை இணைக்கும் சிறு துண்டு, உரையாடலுக்கு அடியில் ஓடும் பதற்றம் எனப் பல வகைகள் இருந்தன. இசைத் தொகுப்பாளர் படத்தைப் பார்த்து, பொருத்தமானதைத் தெரிந்து, வெட்டி ஒட்டுவார். இசைக்குழுவோ ஒலிப்பதிவுக் கூடமோ வேண்டியதில்லை. வாரந்தோறும் ஒரு பாகத்தை முடித்துக் கொடுக்க வேண்டிய தயாரிப்பாளருக்கு இது பணத்தையும் நேரத்தையும் மிச்சப்படுத்தியது.

ஊதியப் போராட்டத்தின் பக்கம்

சிக்கனம் மட்டுமே காரணமல்ல. அமெரிக்காவில் இதன் பின்னால் ஒரு தொழிற்சங்கப் போராட்டமும் இருந்தது.

இசைத்தட்டுகள் வானொலியிலும் உணவகங்களிலும் ஒலிக்கத் தொடங்கியதும் நேரடியாக வாசித்துப் பிழைத்த கலைஞர்கள் வேலை இழந்தனர். ஒருமுறை வாசித்ததற்குக் கிடைத்தது ஒருமுறைக் கூலி. அந்தத் தட்டோ ஆயிரம் தடவை ஒலித்து, அவர்களுடைய அடுத்த வேலையையே பறித்தது. ஜேம்ஸ் பெட்ரில்லோ தலைமையிலான அமெரிக்க இசைக் கலைஞர் சம்மேளனம் 1942 ஓகஸ்ட் முதல் வர்த்தக ஒலிப்பதிவுகளைப் புறக்கணித்தது. பெரிய நிறுவனங்கள் சில 1944 இல்தான் இறங்கிவந்தன. 1948 இல் மீண்டும் ஒரு புறக்கணிப்பு நடந்தது.

தொலைக்காட்சிக்கென எடுக்கப்படும் படங்கள் வந்தபோது சங்கம் எச்சரிக்கையாக இருந்தது. கலைஞர்களின் ஊதியத்துக்கு மேலாக, வருமானத்தில் 5 வீதத்தை இசைக் கலைஞர்களுக்கான நம்பிக்கை நிதிக்குச் செலுத்த வேண்டும் என்று கேட்டது. பல தயாரிப்பாளர்கள் இதற்கு உடன்படவில்லை. அவர்கள் ஐரோப்பாவில் குறைந்த செலவில் பதிவான நூலக இசையை நாடினர். உழைப்பாளிகளின் நியாயமான கோரிக்கையைச் சுற்றிப்போக நூலக இசை ஒரு வழியானது.

1952 இல் ஒளிபரப்பாகத் தொடங்கி 104 பாகங்கள் ஓடிய 'சுப்பர்மேனின் சாகசங்கள்' இதற்குத் தெரிந்த உதாரணம். அதன் பின்னணி இசையில் பெரும்பகுதி நூலக இசையே. அதனால்தான் வெவ்வேறு பாகங்களில் வெவ்வேறு கொள்ளையர்களை ஒரே பதற்ற இசை பின்தொடர்கிறது. 1949 இல் தொலைக்காட்சிக்கு வந்த 'லோன் ரேஞ்சர்' வேறொரு வழியையும் காட்டியது. அதன் புகழ்பெற்ற முகப்பிசை, இத்தாலிய இசையமைப்பாளர் ரொசினி 1829 இல் அரங்கேற்றிய 'வில்லியம் டெல்' என்ற இசை நாடகத்தின் தொடக்கப் பகுதி. பதிப்புரிமைக் காலம் எப்போதோ முடிந்த படைப்பு என்பதால் அதற்கு உரிமைத்தொகை கொடுக்க வேண்டியிருக்கவில்லை.

தன் இசையையே திரும்ப எடுத்த தொடர்

'டொக்டர் ஹூ' 1963 நவம்பர் 23 அன்று தொடங்கியது. ரொன் கிரெய்னர் எழுதி, டெலியா டெர்பிஷயர் மின்னணு ஒலிகளால் உருவாக்கிய அதன் முகப்பிசை அந்தத் தொடருக்கே உரியது. கதைகளுக்குள் நிலைமை வேறு. சில கதைகளுக்குப் புதிய இசை எழுதப்பட்டது. சிலவற்றுக்கு நூலகத் தட்டுகள் பயன்பட்டன.

மூன்றாவது வழி, பழைய கதையின் இசையையே மீண்டும் எடுப்பது. டாலெக் இயந்திரங்கள் முதலில் தோன்றிய கதைக்கு ட்ரிஸ்ட்ரம் கேரி எழுதிய இசை 1965, 1966 ஆம் ஆண்டுகளின் வேறு கதைகளிலும் ஒலித்தது. எட்டிகள் வரும் 1968 ஆம் ஆண்டுக் கதையில் ஹங்கேரிய இசையமைப்பாளர் பேலா பார்டொக் 1936 இல் எழுதிய படைப்பொன்றின் பகுதிகளும் கேட்கின்றன.

ஒருமுறை கேட்ட இசை மறுபடி வரும்போது பழைய அச்சத்தையும் கூட்டிக்கொண்டு வந்தது. சைபர்மென்னின் இசை என்று இரசிகர்கள் 'ஸ்பேஸ் அட்வென்ச்சரை' அடையாளம் கண்டது இப்படித்தான். எழுதியவர் நினைத்திராத பொருளை, திரும்பத் திரும்ப ஒலித்ததே அதற்குக் கொடுத்தது.

படம் அழிந்தது, ஒலி இருந்தது

இந்தத் தொடர்களில் பலவற்றைப் பின்னர் நிறுவனங்களே அழித்தன. அன்று ஒளிநாடா விலை கூடியது. அழித்துவிட்டு மேலே பதிவது வழக்கம். மறு ஒளிபரப்புக்கு ஒப்பந்தக் கட்டுப்பாடுகளும் இருந்தன. 1960களின் பிற்பகுதி முதல் 1978 வரை 'டொக்டர் ஹூ'வின் பல பாகங்கள் இவ்வாறு இல்லாமற் போயின. இன்றும் 90க்கும் மேற்பட்ட பாகங்களின் படம் கிடைக்கவில்லை.

ஆனால் காணாமற்போன எல்லாப் பாகங்களின் ஒலியும் இருக்கிறது. அதைக் காப்பாற்றியவர்கள் வீட்டிலிருந்த பார்வையாளர்கள். தொலைக்காட்சிப் பெட்டியின் ஒலிபெருக்கிக்கு அருகே மைக்கைப் பிடித்தும், கம்பியை நேரடியாக இணைத்தும் சாதாரண ஒலிநாடாவில் அவர்கள் பதிந்து வைத்திருந்தார்கள். அவர்களில் பலர் அன்று சிறுவர்கள்.

வெளிநாடுகளுக்கு விற்கப்பட்ட திரைப்படச் சுருள்களும் கைகொடுத்தன. 1967 ஆம் ஆண்டின் சைபர்மென் கதைகளில் ஒன்று 1991 இல் ஹொங்கொங்கில் முழுமையாகக் கிடைத்தது. எட்டிகளின் கதையில் காணாமற்போயிருந்த ஐந்து பாகங்களில் நான்கு நைஜீரியாவில் கிடைத்ததாக 2013 இல் அறிவிக்கப்பட்டது. அதன் மூன்றாம் பாகம் இன்னும் ஒலியாக மட்டுமே இருக்கிறது.

நூலக இசையும் இதேபோல்தான் தப்பியது. அதன் தட்டுகள் பல நிறுவனங்களின் கைகளில் இருந்தன. ஒரு நிலையம் தன் ஒளிநாடாவை அழித்ததால் அவை அழியவில்லை. மலிவானது, எவருக்கும் சொந்தமாகாதது என்று மதிப்புக் குறைவாகப் பார்க்கப்பட்ட இசையை இன்று நல்ல தரத்தில் கேட்க முடிகிறது. அது ஒலித்த காட்சிகள் சிலவற்றையோ எவராலும் பார்க்க முடியாது. ஒரு பதிவு எவ்வளவு பெரிய நிறுவனத்திடம் இருந்தது என்பதைவிட, அதன் பிரதிகள் எத்தனை இடங்களில் இருந்தன என்பதே இங்கு அதன் ஆயுளைத் தீர்மானித்திருக்கிறது.