ரப்பர்க் கையுறையின் சரித்திரம்

1889-ஆம் வருஷம் அமெரிக்காவில் பால்டிமோர் நகரத்தில் ஜான்ஸ் ஹாப்கின்ஸ் ஆஸ்பத்திரி திறக்கப்பட்ட காலத்தில், ரணசிகிச்சை செய்யும் டாக்டரும் அருகே நின்று ஆயுதம் எடுத்துக் கொடுக்கும் நர்ஸும், கிருமிகளை ஒழிக்கும்பொருட்டுத் தங்கள் கைகளைப் பாதரச உப்புக் கரைசலில் முக்கி எடுப்பது வழக்கமாயிருந்தது. அந்தக் கரைசல் கிருமியைக் கொன்றதோடு நில்லாமல் மனிதத் தோலையும் அரித்தது. கரோலைன் ஹாம்ப்டன் என்னும் நர்ஸின் கைகள் வெடித்துப் புண்ணாகி, அவர் வேலையை விட்டு விலக வேண்டிய நிலைமை வந்தபோது, தலைமை ரணசிகிச்சை நிபுணரான வில்லியம் ஹால்ஸ்டெட், குட்இயர் ரப்பர் கம்பெனியைக் கொண்டு மெல்லிய கையுறை இரண்டு ஜோடி செய்வித்துக் கொடுத்தார். அவருடைய கரிசனம் ஆஸ்பத்திரி காரியத்தை மாத்திரம் பற்றியதன்று என்பது, 1890-இல் அவ்விருவருக்கும் விவாகம் நடந்தபோது ஊருக்கெல்லாம் தெரிந்தது.

ஆக, கையுறை பிறந்தது நோயாளிக்காக அன்று. ஒரு பெண்ணின் சருமத்துக்காக. அதனால் நோயாளிக்கும் நன்மை உண்டென்பது சில வருஷங்கள் கழித்து, ஹால்ஸ்டெட்டின் சிஷ்யரான ஜோசப் பிளட்குட் குடலிறக்க சிகிச்சைகளில் புண் சீழ்ப்பிடிப்பது வெகுவாகக் குறைந்ததை 1899-இல் கணக்கெடுத்து வெளியிட்ட பின்னரே உறுதிப்பட்டது.

அதற்குள் கீழ்த்திசையில் மற்றொரு காரியம் நடந்துகொண்டிருந்தது. 1876-இல் ஹென்றி விக்கம் பிரேசில் காட்டிலிருந்து லண்டன் கியூ தோட்டத்துக்குக் கொண்டுசேர்த்த விதைகள் முளைத்து, அந்தக் கன்றுகள் இலங்கைக்கும் சிங்கப்பூருக்கும் வந்து, மலாயாவின் காடுகள் அழிந்து ரப்பர்த் தோட்டங்களான வரலாற்றைத் தமிழர்களுக்குப் புதிதாகச் சொல்ல வேண்டியதில்லை. கங்காணியை நம்பிக் கப்பலேறிப்போய், இருள் பிரியுமுன் பெரட்டு என்னும் ஆள்கணக்கெடுப்புக்கு நின்று, மரத்தின் பட்டையைச் சாய்வாகச் சீவிப் பாலை மங்கு என்னும் கிண்ணத்தில் இறக்கியவர்களில் பெரும்பாலோர் நம்மவர். வெயில் ஏறினால் பால் வடிவது குறைந்துவிடும். ஆகையால் அந்த அவசரம்.

அந்தப் பாலில் ஏறக்குறைய மூன்றில் ஒரு பங்கு ரப்பர். நூற்றுக்கு ஒன்றிரண்டு பங்கு புரதம். மிகுதியிற் பெரும்பகுதி தண்ணீர். அமிலம் விட்டு உறையவைத்து, தகடாக அழுத்திப் புகையிட்டு, பின்பு பிசைந்து டயர் செய்யும்போது புரதத்தின் வீரியம் பெரும்பாலும் போய்விடுகிறது. கையுறைக்கோ அந்த மார்க்கம் இல்லை. அமோனியா சேர்த்து உறையாமல் காக்கப்பட்ட பாலிலேயே, பீங்கானாற் செய்த கை வடிவங்களை முக்கி எடுத்து உலர்த்துகிறார்கள். வெந்நீரில் நன்றாக ஊறவைத்துக் கழுவினாலன்றி அதிலுள்ள புரதம் நீங்குவதில்லை. கை எளிதில் நுழைவதற்காக உள்ளே தடவிய சோளமாவோ, அந்தப் புரதத்தைத் தன்மேல் ஏற்றிக்கொண்டு, கையுறையைக் கழற்றும்போதெல்லாம் காற்றிற் பறந்தது.

ரப்பர்க் கையுறை அணிந்த மாத்திரத்தில் அரிப்பும் தடிப்பும் கண்ட ஒரு பெண்மணியைப் பற்றி 1979-இல் பிரிட்டிஷ் சரும வைத்தியப் பத்திரிகை ஒன்றில் குறிப்பு வெளிவந்தபோது, அதை ஓர் அபூர்வ விநோதமாகக் கருதினார்களேயன்றி, வரப்போகும் உபாதைக்கு முன்னறிவிப்பாக யாரும் கொள்ளவில்லை. எய்ட்ஸ் பயம் பரவி, யாருடைய ரத்தத்தையும் கையுறையின்றித் தொடலாகாது என்று 1987-இல் அமெரிக்க அரசாங்கத்தின் சுகாதார இலாகா சிபாரிசு செய்த பிறகு, கையுறைக்குத் தேவை திடீரென்று பெருகி, புதிய தொழிற்சாலைகள் மளமளவென்று எழுந்தன. அந்த அவசரத்திற் கழுவுதல் குறைந்தது என்பது பலருடைய அபிப்பிராயம். எனக்கும் அது பொருத்தமாகவே படுகிறது. நர்ஸுகளும் பல்வைத்தியர்களும் தும்மினர், மூச்சுத் திணறினர். குடலைப் படம் பிடிப்பதற்கு உபயோகித்த குழாயின் ரப்பர்ப் பலூனால் நோயாளிகள் இறந்தும்போகவே, 1991-இல் அமெரிக்க மருந்து நிர்வாகம் எச்சரிக்கை விடுத்தது. முதுகெலும்பு பிளந்து பிறந்து, பச்சிளம் பருவத்திலிருந்தே பல தடவை ரணசிகிச்சைக்கு உள்ளான குழந்தைகள்தாம் ரப்பர்ப் பாலின் புரதத்தால் வரும் இந்த ஒவ்வாமைக்கு அதிகமாக இலக்கானவர்கள். கையுறை பிறந்த ஜான்ஸ் ஹாப்கின்ஸ் ஆஸ்பத்திரியே 2008-இல் ரப்பர்ப் பாற் கையுறையைக் கைவிட்டது. மாவு தடவிய கையுறைக்கு 2017-இல் அமெரிக்கா முழுவதும் தடை வந்தது.

இந்த வியாதி கடுமையாக உள்ளவர்களுக்கு, பிறந்தநாள் வைபவத்திற் கட்டிய பலூன்கள் நிறைந்த கூடமும் ஆபத்துதான். வாழைப்பழத்திலும் பப்பாளியிலும் ரப்பர்ப் பாலிலுள்ளவற்றின் சாயலுள்ள புரதங்கள் இருப்பதால், சிலருக்கு அவையும் ஆகா. மாவுக் கையுறைகள் வழங்கிய நாட்களில், இரவெல்லாம் தூசு அடங்கியிருந்த அறையில் காலையின் முதல் சிகிச்சையாக இவர்களை வைத்துக்கொள்வது டாக்டர்களின் வழக்கம். அட்ரினலின் ஊசியைக் கூடவே வைத்திருப்பவர்களும் உண்டு.

அவர்களுக்கு நேர்ந்த அநியாயங்களில் பெரியது கையுறைப் பெட்டியின் மேலேயே அச்சிட்டிருந்தது. ‘ஒவ்வாமை குறைந்தது’ என்று அதில் எழுதியிருக்கும். தொழிற்சாலையிற் சேர்க்கும் ரசாயனங்கள் குறைவு என்பதே அதன் தாத்பரியம்; மரத்தின் புரதம் உள்ளே இருந்தபடியே இருந்தது. அதை நம்பி அணிந்தவர்கள் மூச்சுக்குப் போராடிய பிறகு, 1997-இல் பிறப்பித்து 1998-இல் அமலுக்கு வந்த அமெரிக்க விதி ஒன்று அந்த வாசகத்தை நீக்கச் செய்து, இயற்கை ரப்பர்ப் பால் கலந்திருப்பதை வெளிப்படையாக அச்சிடும்படி கட்டளையிட்டது.