ஊர் கூடி நடத்திய பரீட்சை

சான்றிதழ்னு சொன்னாலே நம்ம கணினி மக்கள்ல பலருக்கு ஒரு இளக்காரம் உண்டு. காசைக் கட்டு, பழைய கேள்விகளை உருப்போடு, பாஸ் பண்ணு, அவ்வளவுதானேன்னு. அப்படி நக்கலடிச்ச கூட்டத்திலிருந்தே சிலர் உட்கார்ந்து, தாங்களே நம்பும்படியா பரீட்சை நடத்திக் காட்டின கதை இது.

1998 அக்டோபரில் டான் யார்க் என்பவர் 'லினக்ஸ் கெஸட்' இணைய இதழில் ஒரு கட்டுரை எழுதினார். லினக்ஸுக்கு எந்த ஒரு கம்பெனியையும் சாராத சான்றிதழ் வேணும், அதை லினக்ஸ் சமூகமே உருவாக்கணும் என்பது சாரம். அதில் ஆர்வப்பட்டவர்கள் ஒன்று சேர, 1999 அக்டோபரில் கனடாவில் லினக்ஸ் புரொஃபஷனல் இன்ஸ்டிடியூட் (எல்.பி.ஐ.) லாப நோக்கில்லாத அமைப்பாகப் பதிவானது. 2000 ஜனவரியில் முதல் தேர்வும் வந்துவிட்டது.

அடுத்து 2005-ல் பி.எஸ்.டி. காரர்கள். ட்ரூ லவீன் முன்னின்று நடத்திய குழு அது. ஃப்ரீ, நெட், ஓப்பன், டிராகன்ஃப்ளை என்று நாலு பி.எஸ்.டி.க்கும் பொதுவா ஒரே தேர்வு. இவங்க எடுத்த எடுப்பில் கேள்வி எழுத உட்காரலை. ஒரு சிஸ்டம் அட்மின் தினமும் நிஜமா என்னென்ன வேலை செய்யறார்னு சர்வே எடுத்தாங்க. அந்தப் பட்டியல்தான் பாடத்திட்டம்.

கேள்விகளையும் சும்மா விடலை. சைக்கோமெட்ரிக்ஸ்னு ஒரு துறை இருக்கு, பரீட்சையையே பரீட்சை பண்றது. நல்லாத் தெரிஞ்சவங்க தப்பா எழுதி, தெரியாதவங்க சரியா எழுதற கேள்வியா? கோளாறு கேள்வியில்தான், அதைத் தூக்கு!

2008-ல் பி.எஸ்.டி.ஏ. தேர்வு தொடங்கியது. கட்டணம் 75 டாலர். தனியா தேர்வு மையம் எதுக்கு? ஆட்கள் எப்படியும் கூடற மாநாட்டிலேயே ஒரு அறை, பென்சில், பேப்பர், மேற்பார்வைக்குத் தன்னார்வலர்கள். எல்.பி.ஐ.யும் மாநாடுகளில் இப்படிக் காகிதத் தேர்வுகளைக் குறைந்த கட்டணத்தில் நடத்தியிருக்கிறது.

இதில் ஒரு சிக்கலும் உண்டு. மாநாடு நடக்காத ஊர்க்காரர் என்ன செய்வார்? 75 டாலர் பரீட்சைக்கு விமான டிக்கெட்டா எடுக்க முடியும்? அதோட, கேள்விகளைப் புதுப்பிச்சுக்கிட்டே இருக்கணும். அது திருவிழா வேலை இல்லை, வருஷம் முழுக்க நடக்கிற வேலை. 2018-ல் பி.எஸ்.டி. குழு எல்.பி.ஐ.யோடு கைகோத்தது. 2019-ல் 'பி.எஸ்.டி. ஸ்பெஷலிஸ்ட்' என்ற பெயரில் எல்.பி.ஐ.யின் தேர்வாக அது வந்தது.

தோல்வின்னு இதைச் சொல்ல மாட்டேன். தன்னார்வலர்கள் கூடினால் ஹால் செலவு குறையும், மேற்பார்வைச் செலவு குறையும். ஆனா நம்பகத்தன்மைக்கு ஆகிற செலவு குறையாது. அதைப் பணமா கொடுக்காட்டி யாரோ ஒருத்தர் தன் ராத்தூக்கத்தைத்தான் கொடுத்தாகணும். இலவசமா பரீட்சை நடத்தலாம்னு கிளம்பற நம்மாளுங்க முதல்ல போட வேண்டிய கணக்கு இதுதான்.