தாம்பரம் சானடோரியமும் தோட்டச் சிகிச்சையும்

குடிநோயிலிருந்து மீள்வோருக்குத் தோட்டவேலை நல்லது என்பர். இயற்கைச் சூழலால் எவ்வளவு குணமாகும் என்பதற்குத் தாம்பரத்தின் வரலாற்றில் ஒரு பாடம் உண்டு.

1928ஆம் ஆண்டு மருத்துவர் டேவிட் சவுரிமுத்து அங்கே காசநோய் சானடோரியத்தைத் தொடங்கினார். இன்றைய ரயில் நிலையத்தின் பெயரும் அதிலிருந்து வந்ததே. அப்போது காசநோய்க்கு மருந்து இல்லை. திறந்தவெளிக் காற்று, ஓய்வு, சத்துணவு ஆகியவையே சிகிச்சை. 1943இல் ஸ்ட்ரெப்டோமைசின் கண்டறியப்பட்டது. முறையாக மருந்து உட்கொண்டால் வீட்டிலிருந்தே குணமடையலாம் எனச் சென்னையில் நடந்த ஆய்வு 1959இல் காட்டியது.

குடிநோய்க்கும் இப்பாடம் பொருந்தும். நெடுநாள் குடித்தவர் திடீரென நிறுத்தினால் வலிப்பு, மனக்குழப்பம் வரலாம். அதற்கு மருத்துவமனையே தேவை. செடி வளர்ப்பது அதன்பின் வரும் நாட்களுக்கு ஓர் ஒழுங்கையும் மாலை வேளையில் கைக்கு வேலையையும் தரும். தோட்டம் மருந்துக்கு மாற்று அன்று; துணை.