சுண்ணாம்பில் கரைந்த நீலம்

நம் மூத்த தலைமுறையினர் வாழ்ந்த காரை வீடுகளின் உள்ளறைகளை நினைவுகூரும்போது முதலில் கண்ணில் நிழலாடுவது வெளிர் நீலச் சுவரே. பெருநாள் நெருங்கும் வேளையில் நீற்றிய சுண்ணாம்பைத் துணியில் வடிகட்டி, கையில் ஒட்டாதிருக்க வஜ்ஜிரம் காய்ச்சி ஊற்றி, சிறு துணியில் முடிந்த நீலப் பொடியை அதில் அலசிக் கரைத்து, மட்டையால் சுவரெங்கும் பூசுவார்கள். ஈரத்தில் அடர்ந்து தோன்றும் நிறம் காயக்காய வெளிறி வானத்தின் சாயலைப் பெறும். இந்த நீலம் எங்கிருந்து வந்தது?

நீலம் 'இஸ்லாமிய நிறம்' என்றும், சமய உணர்வே அதைச் சுவரில் ஏற்றியது என்றும் கூறுவோர் உளர். இக்கூற்றை நாம் சற்று நிதானித்தே ஏற்க வேண்டும். திருக்குர்ஆனில் நீலத்தைக் குறிக்கும் சொல் ஒரே ஓர் இடத்தில்தான் வருகிறது. தாஹா அத்தியாயத்தின் 102ஆம் வசனத்தில், மறுமையில் குற்றவாளிகள் எழுப்பப்படும் நிலையைச் சுட்ட 'ஸுர்க்' என்னும் சொல் ஆளப்பட்டுள்ளது. விரிவுரையாளர்கள் அதற்கு நீலம் பூத்த கண்கள் என்றும், பார்வையிழந்த நிலை என்றும் பொருள் கூறினர். எவ்வகையில் நோக்கினும் அது வீட்டை அலங்கரிக்கும் நிறத்தைப் பற்றிய பேச்சன்று. இஸ்பஹான் பள்ளிவாசல்களிலும், 1609 முதல் 1616 வரை இஸ்தான்பூலில் எழுப்பப்பட்ட சுல்தான் அஹ்மத் பள்ளியிலும் நாம் வியக்கும் நீலம், சூளையில் சுட்ட ஓட்டின் மெருகில் உருகிய கோபால்ட்டும் செம்புச் சேர்மமும் தந்த நீலம். அது சுவரில் பூசும் வண்ணமன்று. ஆகவே நம் சுவர் நீலத்தின் வேரைச் சமய நூல்களில் அல்லாது வணிகத்திலும் தொழிலிலும் தேடுவதே பொருத்தம்.

தேடப் புகுந்தால் ஒரே பெயரின் கீழ் இரு வேறு பொருள்கள் நிற்பதைக் காண்கிறோம். ஒன்று அவுரிச் செடியின் இலையை ஊறவைத்துக் கடைந்தெடுக்கும் சாயம். வடமொழியின் 'நீலீ' அரபியில் 'நீல்' ஆயிற்று. 'அல்' என்னும் முன்னொட்டுடன் 'அந்நீல்' என ஒலித்து, போர்ச்சுக்கீசியரின் நாவில் 'அனில்' ஆயிற்று. 19ஆம் நூற்றாண்டின் முற்பகுதியில் அவுரியிலிருந்து வேதியியலார் பிரித்தெடுத்த 'அனிலின்' என்னும் பொருளின் பெயரும் அதன் வழிவந்ததே. கெய்ரோவின் கெனிசா ஆவணங்களிலும் இச்சரக்கு பேசப்படுகிறது. நம் தென்னார்க்காடும் கடப்பையும் 19ஆம் நூற்றாண்டில் அவுரிக்குப் பேர்போனவை. வங்கத்திலோ அதே அவுரி உழவரின் கழுத்தில் கடன் சுருக்காக இறுகி, 1859இல் கிளர்ச்சியாக வெடித்தது.

மற்றொன்று கல்லிலிருந்து பிறந்தது. ஆப்கானிஸ்தானின் பதக்‌ஷான் மலைகளில் ஸரே ஸங் என்னுமிடத்தில் பன்னெடுங்காலமாக வெட்டப்பட்டு வரும் நீலக்கல்லைப் பாரசீகர் 'லாஜவர்த்' என்றனர். ஐரோப்பிய மொழிகளில் வானின் நீலத்தைக் குறிக்கும் 'அஸூர்' இச்சொல்லின் திரிபே. கல்லைப் பொடித்துப் பெற்ற நிறமி கடல் கடந்து வந்ததால் 'அல்ட்ராமரின்' எனப்பட்டது. ஏட்டுச் சித்திரங்களுக்கு அன்றி, எளியோர் சுவருக்கு அது எட்டாத விலையில் இருந்தது.

இந்நிலையை மாற்றியது சூளையொன்றின் தற்செயல் நிகழ்ச்சி எனலாம். சுண்ணாம்புச் சூளைகளின் சுவரில் நீலப் படிவு உண்டாவதைக் கவிஞர் கோதே 1787இல் சிசிலித் தீவில் கண்டு குறித்தார். 1824இல் பிரெஞ்சுத் தொழில் ஊக்குவிப்புச் சங்கம், கிலோ 300 பிராங்குக்கு மிகாமல் செயற்கை நீலம் செய்வோர்க்கு 6000 பிராங்கு பரிசு அறிவித்தது. 1828இல் ழான் பப்திஸ்த் கிமே அதைப் பெற்றார். வெள்ளைக் களிமண், சோடா, கந்தகம், கரி ஆகியவற்றைச் சேர்த்துச் சுட்டால் பதக்‌ஷான் கல்லின் அதே நிறம் கிடைத்தது. நாளடைவில் அது சிறு பொட்டலமாக நம் கடைத்தெருவுக்கும் வந்து, வெள்ளைத் துணிக்கு 'நீலம் போடும்' பொருளாயிற்று. நம் சுவரில் கரைந்ததும் இப்பொட்டலமே. அவுரி நீலம் அன்று.

அது சுண்ணாம்போடு இணங்கியதற்குத் தக்க காரணமுண்டு. சுண்ணாம்பு கடுங்காரம். 18ஆம் நூற்றாண்டின் தொடக்கத்தில் பெர்லினில் கண்டறியப்பட்ட பிரஷ்ய நீலம் அக்காரத்தில் சிதைந்துவிடும். அல்ட்ராமரினோ காரத்தைத் தாங்கும், அமிலத்துக்கே அஞ்சும். எலுமிச்சைச் சாறு தெறித்த இடம் வெளுப்பது இதனாலேயே. மேலும் சுண்ணாம்பில் இயல்பாக உள்ள மெல்லிய மஞ்சள் சாயலை நீலம் மறைத்து, வெண்மையைப் பளிச்சிடச் செய்யும். சலவைத் துணியில் நடப்பதும் இதுவே. வெண்மையைக் கூட்டுவதற்காகச் சேர்த்தது ஒரு பிடி மிகுந்தபோது வெளிர் நீலச் சுவர் பிறந்தது.

இன்று அச்சுவர்களின் மேல் சிமெண்டும் பிளாஸ்டிக் வண்ணமும் ஏறுகின்றன. காரைச் சுவர் ஈரத்தை உள்வாங்கி வெளிவிடும் தன்மையது. அதன்மேல் நீர் புகாத படலம் மூடினால் ஈரம் உள்ளேயே தங்கி, பூச்சு உப்பி உதிர்கிறது. 'பழைய சுவர் தாங்கவில்லை' என்று வீட்டையே இடிப்பாரும் உளர். குறை சுவரில் இல்லை. அதற்கு ஒவ்வாத போர்வையைப் போர்த்தியதில் உள்ளது.

ஆகவே மூதாதையர் வீட்டைப் புதுப்பிக்க முனைவோர், கொல்லனை அழைக்குமுன் கொத்தனாரை அழைத்துக் கதவு மூலையில் விரல் அகலத்துக்குப் பூச்சைச் சுரண்டிப் பார்க்கட்டும். படலம் படலமாக ஆண்டுகள் உரிந்து, அடியில் வெளிர் நீலம் தென்படுமாயின், அங்கே மறுபடியும் சுண்ணாம்பையே பூசுவது சுவருக்கும் நல்லது, செலவும் குறைவு. நீலம் எவ்வளவு கரைப்பது என்பதை வீட்டின் மூத்த பெண்மணியிடம் கேட்டறிக. அளவு அவர்கள் கையில்தான் இருக்கிறது.